திராட்சை பறிக்க நல்ல நாள் எது?

போன மாசம் கம்பத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். பன்னீர் திராட்சை.

"பழம் எப்ப சித்தப்பா வெட்டுறீங்க? புள்ளைங்களக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்."

"கவாத்து வெட்டி இன்னியோட எழுபத்தஞ்சு நாளாச்சுப்பா. இன்னும் நாப்பது, நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு வாங்க. நடுவுல மழை மட்டும் ஊத்தாம இருக்கணும்."

காலண்டரைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் கடுங்குளிர் கிடையாது. கொடி தானாகத் தூங்குவதில்லை. விவசாயி கத்தரியை எடுத்துக் கிளைகளைக் கவாத்து செய்கிற நாள்தான் கொடிக்கு வருஷப் பிறப்பு. அன்றிலிருந்து ஏறக்குறைய நாலு மாசம் எண்ணினால் பழம். இப்படி வருஷத்துக்கு இரண்டு அறுவடைக்குக் குறையாமல் எடுத்துவிடுகிறார்கள். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது விவசாயியின் கை.

இதே கேள்வியை பிரான்ஸில் ஒரு திராட்சை விவசாயியிடம் கேட்டால், இவ்வளவு சட்டென்று பதில் வராது. அவருடைய தாத்தாவிடம் கேட்டிருந்தால் வந்திருக்கும். இவரால் முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

அந்தத் திராட்சை ஒயினுக்குப் போகிறது. உடனே பதறாதீர்கள். குடிக்கச் சொல்லி இந்தப் பத்தியில் ஒரு வரி கூட இருக்காது. இது ஒரு பயிரின் கதை. பல நூறு வருஷமாக ஒரே மண்ணில் ஒரே பயிரை வைத்த குடும்பங்கள், 'எப்போது பறிப்பது?' என்ற கேள்விக்கு முன்னால் இப்போது திகைத்து நிற்கும் கதை.

தண்டோரா போட்டு அறுவடை

பிரான்ஸின் கிழக்குப் பக்கம் பர்கண்டி என்று ஒரு பகுதி. அதன் நடுவே ஒரு சிறிய நகரம். பெயர் போன். நம் கையில் இருக்கும் போன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சை. சிவப்பு ஒயினுக்கு பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்டொனே.

குளிர் நாட்டுக் கொடிக்கு வாழ்க்கை முறையே வேறு. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் கட்டையாகத் தூங்கும். வசந்தம் வந்து மண் சூடேறினால் மொட்டு விரியும். ஜூன் வாக்கில் பூக்கும். இலையுதிர் காலம் தொடங்கும்போது பழுக்கும். அங்கே கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வானம்.

அந்தக் காலத்தில் அவரவர் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்ப்பார்கள். பிறகு கூடிப் பேசி, 'இந்த நாளிலிருந்து பறிக்கலாம்' என்று அறிவிப்பார்கள். நம் ஊர்த் தண்டோரா மாதிரி. அதற்கு முன்னால் பறித்தால் அபராதம். ஒருத்தர் அவசரப்பட்டுக் காயாகப் பறித்து ஊர் ஒயினின் பெயரைக் கெடுத்துவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பழம் இரவோடு இரவாகக் காணாமல் போகக் கூடாது. வரி வாங்குகிறவர்களுக்கும் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தால் கணக்குப் பார்க்கச் சுலபம்.

இப்படி அறிவித்த நாளை ஊர் சபைக் குறிப்புகளில் எழுதி வைத்தார்கள். அதற்கும் முந்தைய காலத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. திராட்சை பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலி, எந்தத் தேதியில் கொடுத்தது என்ற விவரத்தோடு. எழுதியவருக்குக் கணக்கு நேரானால் போதும். அறுநூறு வருஷம் கழித்து ஒருவர் அதை எடுத்துப் படிப்பார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

படித்தார்கள். தாமஸ் லாபே என்ற வரலாற்று ஆய்வாளரும் அவருடைய குழுவும் இந்தக் கூலிக் கணக்கு, ஊர் சபைக் குறிப்பு, பிற்காலத்துச் செய்தித்தாள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, 1354-ஆம் ஆண்டிலிருந்து 2018 வரை போன் ஊரில் அறுவடை தொடங்கிய நாட்களை வரிசைப்படுத்தினார்கள். 664 வருஷத்துக் கணக்கு. 2019-இல் அதை வெளியிட்டார்கள்.

திராட்சை எப்போது பழுத்தது என்று தெரிந்தால், அந்த வருஷம் வசந்தமும் கோடையும் எவ்வளவு சூடாக இருந்தன என்று கணிக்க முடியும். சூடு அதிகமென்றால் சீக்கிரம் பழுக்கும், குறைந்தால் தாமதம். பாரிஸில் தெர்மாமீட்டர் வைத்து அளந்த கணக்கு ஏறக்குறைய 360 வருஷத்துக்குத்தான் இருக்கிறது. அதோடு அறுவடைத் தேதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு, அதற்கும் முந்தைய முந்நூறு வருஷத்துக்குத் திராட்சையே தெர்மாமீட்டராகிவிட்டது.

அந்தக் கணக்கு சொல்வது இதுதான். 1354-லிருந்து 1987 வரை சராசரியாகப் பார்த்தால் அறுவடை தொடங்கிய நாள் செப்டம்பர் 28. நடுவே மிகச் சூடான வருஷங்களும் வந்தன, மிகக் குளிர்ந்த வருஷங்களும் வந்தன. நாள் முன்னே போகும், பின்னே வரும், மறுபடி பழைய இடத்துக்குத் திரும்பும். 1988-க்குப் பிறகு அது திரும்பவில்லை. 1988 முதல் 2018 வரை சராசரி 13 நாள் முன்னால் வந்துவிட்டது. எப்போதாவது வந்துபோன விருந்தாளி, வீட்டிலேயே தங்கிவிட்டார்.

இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க விஞ்ஞானிகளான பெஞ்சமின் குக், எலிசபெத் வோல்கோவிச் இருவரும் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து அறுவடைத் தேதிகளை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். பழைய காலத்தில் அறுவடை ரொம்ப முன்னால் வரவேண்டுமென்றால் வறட்சியும் சேர்ந்து வரவேண்டும். மண் காய்ந்தால்தான் காற்று அந்த அளவுக்குச் சூடேறும். 1980-களுக்குப் பிறகு அந்தப் பழைய தொடர்பு தளர்ந்துவிட்டது. மழை ஓரளவு பெய்த வருஷத்திலும் சூடு போதுமான அளவுக்கு வந்துவிடுகிறது.

முதலில் சந்தோஷம்தான்

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் அங்கே யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. பர்கண்டி, ஷாம்பெய்ன் போன்ற பகுதிகள் திராட்சைக்குக் குளிரின் எல்லைப் பகுதிகள். பழைய காலத்தில் பல வருஷம் பழம் சரியாகப் பழுக்காது, புளிக்கும். சாற்றில் சர்க்கரை போதாமல், வெளியிலிருந்து சர்க்கரை சேர்த்து நொதிக்க வைப்பார்கள். அதற்கு 'சாப்தலிசேஷன்' என்றே பெயர். நெப்போலியனிடம் உள்துறை அமைச்சராக இருந்த சாப்தால் என்ற வேதியியல் அறிஞர் அந்த முறையைப் பரப்பியதால் வந்த பெயர்.

கொஞ்சம் சூடு கூடியதும் பழம் தானாக இனித்தது. சர்க்கரை மூட்டை வாங்கும் செலவு குறைந்தது. 'நல்ல வருஷம்' அடிக்கடி வந்தது. யாருக்குத்தான் கசக்கும்?

2003-இல்தான் பலருக்குத் தூக்கம் கலைந்தது. அந்தக் கோடையில் ஐரோப்பாவை அனல் காற்று வறுத்தது. பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர், பெரும்பாலும் வயதானவர்கள், வழக்கத்தை விட அதிகமாக இறந்தார்கள். பர்கண்டியில் ஆகஸ்ட் மாசமே அறுவடை. ஷாம்பெய்னிலும் அப்படியே. அங்கே 1822-க்குப் பிறகு ஆகஸ்டில் பறித்தது அதுதான் முதல் தடவை. பிரான்ஸில் ஆகஸ்ட் என்றால் ஊரே விடுமுறையில் இருக்கும் மாசம். கடற்கரைக்குப் போனவர்கள் அவசர அவசரமாகத் திரும்பி வந்தார்கள்.

'நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது' என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஷாம்பெய்னில் ஆகஸ்ட் அறுவடை பல தடவை நடந்துவிட்டது.

அடை கருகுது, உள்ளே வேகலை

இங்கே ஒரு சந்தேகம் வரும். சீக்கிரம் பழுத்தால் சீக்கிரம் பறித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? 13 நாள் முன்னால் பறித்தால் கதை முடிந்ததல்லவா?

முடியவில்லை. காரணம் பழத்துக்கு உள்ளே இருக்கிறது.

திராட்சை பழுக்கும்போது உள்ளே மூன்று வேலை நடக்கிறது. முதலாவது, இனிப்பு ஏறுவது. இலை வெயிலில் செய்யும் சர்க்கரை பழத்துக்குள் சேர்கிறது. இரண்டாவது, புளிப்பு இறங்குவது. காயில் இருக்கும் அமிலத்தில் ஒரு பகுதியைப் பழமே எரித்துத் தீர்க்கும். சூடு கூடினால், அதிலும் இரவும் சூடாக இருந்தால், வேகமாக எரிக்கும். மூன்றாவது, தோலும் விதையும் முதிர்வது. நிறம், மணம், துவர்ப்பு எல்லாம் பக்குவப்படுவது இதில்தான். பச்சையாக இருக்கும் விதை பழுப்பு நிறமாகும், கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும்.

குளிர்ந்த செப்டம்பரில் இந்த மூன்றும் நிதானமாக நடந்து, ஏறக்குறைய ஒரே வாரத்தில் சேரும். அந்த வாரம்தான் நல்ல நாள். ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்து அறிவித்தது அதைத்தான்.

இப்போது என்ன ஆகிறது? இனிப்பு ஓடுகிறது, புளிப்பு உருகுகிறது, தோலும் விதையும் பின்தங்கி நிற்கின்றன. அடை வார்க்கும்போது அவசரத்தில் தீயைக் கூட்டினால் என்ன ஆகும்? வெளியே கருகிவிடும், நடுவில் மாவு வேகாது. 'சீக்கிரம் எடுத்துடு' என்றால் பச்சை மாவு. 'வேகட்டும்' என்றால் கரி.

சர்க்கரை நொதித்துத்தான் ஆல்கஹால் ஆகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கூடினால், ஒயினில் ஆல்கஹால் 1 சதவீதம் கூடும். ஆகவே விதை முதிரட்டும் என்று காத்திருந்தால், முன்பு 12 சதவீதமாக இருந்த ஒயின் 14, 15 என்று ஏறிவிடுகிறது. புளிப்பு இல்லாமல் சுவை தட்டையாகிறது, ஜாம் மாதிரி. காத்திருக்காமல் பறித்தால் பச்சை வாடையும் கசப்பும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நாள் முன்னால் வந்ததால், பழம் முதிரும் கடைசி வாரங்கள் குளிர்ந்த செப்டம்பரிலிருந்து சுடும் ஆகஸ்டுக்குப் போய்விட்டன. வருஷமே சூடாகிவிட்டது, அந்த வருஷத்திலும் சூடான பகுதியில் பழுக்கிறது. இரண்டு பக்கமும் அடி.

பழைய பிரெஞ்சு விவசாயிகளிடமும் நம் சித்தப்பா மாதிரி ஒரு கணக்கு இருந்தது. பூத்த நாளிலிருந்து 100 நாள் எண்ணு, பழம் ரெடி. இப்போது சூடான வருஷங்களில் நூறு நாளுக்கு முன்பே சர்க்கரை ஏறிவிடுகிறது. தாத்தா சொல்லிக்கொடுத்த எண்ணிக்கையை நம்பி உட்கார முடியவில்லை.

என்னதான் செய்கிறார்கள்?

முதல் வேலை, ஒரே நாள் என்ற எண்ணத்தை விடுவது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் தினமும் தோட்டத்தில் நடக்கிறார்கள். கையில் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி. ஒரு சொட்டுச் சாற்றை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரை அளவு தெரியும். பழத்தை வாயில் போட்டு, தோலை மென்று, விதையைக் கடித்துப் பார்ப்பதும் உண்டு. கருவி சர்க்கரையைச் சொல்லும், விதையின் முதிர்ச்சியைப் பல்தான் சொல்லும்.

சரிவில் மேலே இருக்கும் துண்டு ஒரு நாள், கீழே இருக்கும் துண்டு வேறொரு நாள் என்று தனித்தனியாகப் பறிக்கிறார்கள். சிலர் ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று தடவை இறங்குகிறார்கள். முன்னால் பறித்ததில் புளிப்பு இருக்கும், பின்னால் பறித்ததில் மணம் இருக்கும். இரண்டையும் கலக்கிறார்கள்.

இரண்டாவது, இரவு அறுவடை. ஸ்பெயின், கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா பக்கம் இது இப்போது சாதாரணம். விளக்கு கட்டிய இயந்திரமோ, தலையில் விளக்கு மாட்டிய ஆட்களோ நள்ளிரவில் இறங்கி விடிவதற்குள் பறித்துவிடுகிறார்கள். பழம் குளிர்ச்சியாக ஆலைக்கு வந்தால் வழியிலேயே நொதிக்கத் தொடங்காது. குளிரூட்டும் மின்செலவும் மிச்சம்.

மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியம். கடிகாரத்தையே மெதுவாக ஓட வைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்த ஆயுதங்களில் ஒன்று, சித்தப்பாவின் கையில் இருக்கும் அதே கத்தரி.

குளிர்காலத்தில் வழக்கமாகச் செய்யும் கவாத்தைத் தள்ளிப் போடுகிறார்கள். கிளை நுனியில் இருக்கும் மொட்டுகள் விரியத் தொடங்கிய பிறகு வெட்டினால், அடியில் இருக்கும் மொட்டு சில நாட்களிலிருந்து ஓரிரு வாரம் வரை தாமதமாக விரியும். அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி அறுவடை வரைக்கும் தங்கும்.

முன்பு குலைக்கு வெயில் படட்டும் என்று சுற்றியிருக்கும் இலைகளைக் கிள்ளிப் போடுவார்கள். இப்போது குலைக்கு நிழல் வேண்டுமென்று அவற்றை விட்டுவைக்கிறார்கள். இலைதான் சர்க்கரைத் தொழிற்சாலை என்பதால், குலையிலிருந்து தள்ளி மேலே இருக்கும் இலைகளைக் குறைத்து இனிப்பு ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களும் உண்டு. சிலர் வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளிக்கிறார்கள். நாம் முகத்துக்கு சன்ஸ்கிரீன் பூசுவது மாதிரி. சிலர் நிழல்வலை கட்டுகிறார்கள்.

பனியில் மெழுகுவத்தி

கடிகாரம் முன்னால் ஓடுவதில் இன்னொரு ஆபத்து, வசந்தத்தில். மார்ச் மாசமே சூடாகிவிட்டால் மொட்டு அவசரப்பட்டு விரிந்துவிடும். ஏப்ரலில் ஒரு இரவு உறைபனி வந்தால் அந்த இளந்தளிர் கருகிப்போகும். மொட்டு தூங்கிக்கொண்டிருந்தால் அதே பனி பெரிய சேதம் செய்யாது.

2021 ஏப்ரலில் பிரான்ஸில் இதுதான் நடந்தது. மார்ச் கடைசியில் கோடை மாதிரி வெயில், சில நாளில் உறைபனி. திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகளை ஏற்றி வைத்துக்கொண்டு விவசாயிகள் இரவு முழுக்கக் காவல் இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும். அவர்களுக்கோ வருஷத்து வருமானத்தைக் காப்பாற்றும் போராட்டம். அப்படியும் பல தோட்டங்கள் போயின. பூமி சூடேறியதால் அந்த மாதிரிச் சேதத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் பிறகு கணக்கிட்டார்கள். சூடு கூடியதால் பனி அடித்தது என்று சொன்னால் நம்பச் சிரமம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

2020-இல் பர்கண்டி ஆகஸ்டில் பறித்தது. பனி அடித்த 2021-இல் செப்டம்பர் பிற்பாதியில் பறித்தது. அடுத்தடுத்த இரண்டு வருஷத்துக்கு நடுவே ஒரு மாசம் வித்தியாசம். பறிக்க ஆள் எந்தத் தேதிக்குச் சொல்லி வைப்பது?

கொடியை மாற்று, மலை ஏறு

நாளைச் சமாளிக்க முடியாதபோது கொடியையே மாற்றப் பார்க்கிறார்கள். பிரான்ஸில் எந்தப் பகுதியில் எந்த ரகம் வைக்கலாம் என்பதற்குச் சட்டமே உண்டு. போர்டோ பகுதியில் பாதிக்கு மேல் மெர்லோ என்ற ரகம். சீக்கிரம் பழுப்பது அதன் குணம். குளிர் காலத்தில் அது வரம், இப்போது தொல்லை. அதனால் 2021-இல் ஆறு புது ரகங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதில் ஒன்று போர்ச்சுகல் நாட்டு டூரிகா நசியோனால். தாமதமாகப் பழுக்கும், சூடு தாங்கும். ஆனாலும் ஒரு தோட்டத்தில் 5 சதவீத நிலத்துக்கு மேல் இந்தப் புது ரகங்களை நடக் கூடாது, ஒயினில் 10 சதவீதத்துக்கு மேல் கலக்கக் கூடாது. ஒரு ஊரின் சுவை என்ற பெயரை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பே. அதை மாற்ற மனசு வருமா?

ஸ்பெயினில் டோரஸ் குடும்பம் இரண்டு வழியில் போனது. ஒன்று, மலை ஏறியது. பிரனீஸ் மலையடிவாரத்தில் ட்ரெம்ப் என்ற இடத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 950 மீட்டர் உயரத்தில் கொடி நட்டார்கள். இன்னொன்று, பழையதைத் தேடியது. 'உங்கள் தோட்டத்தில் பெயர் தெரியாத பழைய கொடி இருந்தால் சொல்லுங்கள்' என்று உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். மறந்துபோன ரகங்கள் பல கிடைத்தன. அவற்றில் ஃபோர்காடா என்ற ரகம் தாமதமாகப் பழுக்கிறது, புளிப்பையும் விடாமல் வைத்துக்கொள்கிறது. நம் ஊரில் மாப்பிள்ளைச் சம்பாவைத் தேடி எடுத்த கதை ஞாபகம் வருகிறதா?

ஷாம்பெய்னில் பெயர்பெற்ற டெய்ட்டிங்கர் நிறுவனம், கடல் தாண்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2017-இல் கொடி நட்டது. ஒரு காலத்தில் ஆங்கிலேய ஒயின் என்றாலே பிரெஞ்சுக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் எல்லோராலும் மலை வாங்க முடியாது. புதுக்கொடி பலன் தர மூன்று நாலு வருஷம் ஆகும். அது நாற்பது, ஐம்பது வருஷம் நிற்கும். இன்றைக்கு நடுகிறவர் 2060-இன் வெயிலைக் கணித்து நட வேண்டும். சிறு விவசாயிக்கு அது சூதாட்டம்.

பறிக்கிற கை

இதுவரை பழத்தைப் பற்றியே பேசினோம். பறிக்கிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

ஷாம்பெய்னில் இயந்திரம் வைத்துப் பறிக்கக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு குலையும் கையால் வெட்டியாக வேண்டும். வருஷா வருஷம் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சில வாரக் கூலி வேலைக்கு அங்கே வருகிறார்கள். கொடிகள் தாழ்வாக இருப்பதால் நாள் முழுக்கக் குனிந்தே வேலை. முன்பு செப்டம்பர் கடைசியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்த வேலை அது. 2023 செப்டம்பரில் அறுவடை நடந்தபோது கடும் வெப்பம். பறிக்க வந்தவர்களில் சிலர் இறந்தார்கள். வெப்பத்தால்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகத்தில் விசாரணை நடந்தது.

பழத்துக்கு நல்ல நாள் எது என்று அறுநூறு வருஷமாக யோசித்திருக்கிறார்கள். பறிக்கிறவர் உடம்புக்கு நல்ல நேரம் எது என்பதையும் இனி அதே கணக்கில் சேர்த்தாக வேண்டும். விடியற்காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது, நிழல், தண்ணீர், ஓய்வு எல்லாம் சேர்ந்ததுதான் அறுவடை நாள். சித்திரை வெயிலில் வயலில் நிற்கும் நம் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தந்திரங்களெல்லாம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அதற்கு ஓர் எல்லையைச் சொல்கிறது. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், தெற்குக் கலிஃபோர்னியா ஆகிய இடங்களின் கடலோர, தாழ்நிலப் பகுதிகளில் இருக்கும் பாரம்பரிய ஒயின் திராட்சைப் பகுதிகளில் ஏறக்குறைய 90 சதவீதம், பூமியின் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடினால் இந்த நூற்றாண்டின் கடைசிக்குள் இல்லாமல் போகக்கூடும். அந்த எல்லைக்குள் நின்றால் கவாத்து, நிழல், புது ரகம் எல்லாம் கைகொடுக்கும். தாண்டினால் கத்தரிக்கு வேலை இல்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்களுக்கு வெயில் பெரிய பயமில்லப்பா. வெயிலுதான் இனிப்பு. பழம் தேறுற நேரத்துல மழை வந்தாத்தான் போச்சு. பழம் வெடிச்சிரும். முன்னெல்லாம் எந்த மாசம் மழை வராதுன்னு பார்த்துக் கவாத்து வெட்டுவோம். இப்ப எந்த மாசத்த நம்புறதுன்னு தெரியல."

அவருடைய கடிகாரம் அவர் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாவி மட்டும்தான் அவர் கையில்.

"ஒவ்வொரு தடவையும் வெட்டுன தேதி ஞாபகம் இருக்கா சித்தப்பா?"

"ஞாபகம் எதுக்கு? கூலி நோட்டுல இருக்கே. எத்தன ஆளு, என்னிக்கு வந்தாங்க, எவ்வளவு குடுத்தோம், எல்லாம் இருக்கு. உங்க தாத்தா நோட்டு கூடப் பரண்ல கிடக்கு."

எனக்குப் போன் ஊரின் கூலிக் கணக்கு ஞாபகம் வந்தது. பழம் வெட்டும் நாளைக்குப் பிள்ளைகளோடு போகிறேன். மழை வராமல் இருந்தால் பழம் சாப்பிடுவோம். வந்தாலும் பரவாயில்லை, பரண் ஏறி அந்த நோட்டுகளை இறக்கிவிட்டுத்தான் வருவேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.